உம்மாவின் காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு?



காலைச் சாப்பாட்டுக்கு ஏற்ற நேரம் எது? இந்தக் கேள்வியை எந்த வீட்டு உம்மாவிடம் கேட்டாலும் உடனே பதில் வரும். பிள்ளைகளுக்கு, பாடசாலை வேன் வர முன்னர். அவர்களின் வாப்பாவுக்கு, கடைக்குப் போக முன்னர். மாமிக்கு, குளிசை போட்ட கையோடு. எல்லோருடைய நேரமும் அவளுக்கு மனப்பாடம்.

“சரி, நீங்கள் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள்?” என்று அவளிடமே கேட்டுப் பாருங்கள். “வேலை முடிஞ்சதும்” என்பாள். வேலை எப்போது முடியும்? பாத்திரம் கழுவி, முற்றம் கூட்டி, உடுப்பு ஊறப்போட்டு, மீன்காரரின் சத்தம் கேட்டு வாசலுக்குப் போய்த் திரும்பும்போது பத்தரை மணி. சில வீடுகளில் பதினொரு மணி. அப்போது பீங்கானில் விழுவது ஆறிப்போன இரண்டு இடியப்பமும் சட்டியின் அடியில் மிஞ்சிய சம்பலும்தான். சில நாட்களில் அதுவும் இல்லை. “இனிப் பகலுக்கே சேர்த்துச் சாப்பிடுவோம்” என்று விட்டுவிடுகிறாள்.

“வேலை முடிஞ்சதும்” என்பது ஒரு நேரமல்ல. இம்மாதம் இதைப்பற்றித்தான் உங்களோடு பேசப்போகிறோம்.

ஒரு சிறு கணக்கு

உங்கள் நாளை நீங்களே கணக்குப் பாருங்கள். நமது நாடு பூமத்திய ரேகைக்கு அண்மையில் இருப்பதால் ஸுபஹுடைய நேரம் ஆண்டு முழுவதும் அதிகம் மாறுவதில்லை. அதிகாலை நாலரைக்கும் ஐந்தேகாலுக்கும் இடையிலேயே வருகிறது. அந்த நேரத்துக்கு எழும்புகிறீர்கள். முதல் நாள் இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் பத்தரைக்குச் சாப்பிட்டால் இடைவெளி பதின்மூன்றரை மணித்தியாலங்கள். அதில் கடைசி ஐந்தரை மணித்தியாலமும் நீங்கள் படுத்திருக்கவில்லை. குனிந்து நிமிர்ந்து வேலை செய்திருக்கிறீர்கள்.

இரவில் நாம் தூங்கும்போதும் உடம்பு தூங்குவதில்லை. மூளை மட்டும் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 5 கிராம் குளுக்கோசைச் செலவழிக்கிறது. அதைக் கொடுப்பது ஈரல். வளர்ந்த ஒருவரின் ஈரல் ஏறத்தாழ 100 கிராம் அளவு மாச்சத்தைச் சேமித்து வைத்திருந்து, இரவு முழுவதும் சிறிது சிறிதாக இரத்தத்தில் விடுகிறது. விடியும்போது அந்தச் சேமிப்பின் பெரும்பகுதி தீர்ந்திருக்கும். அதன் பிறகு உடம்பு கொழுப்பையும் தசையையும் கரைத்துச் சமாளிக்கும். சுகமாக உள்ள ஒருவருக்கு இது ஆபத்தல்ல. அப்படி இருந்தால் நாம் நோன்பு பிடிக்கவே முடியாதே! ஆனால், வீட்டிலுள்ள எல்லோரும் சுகமானவர்கள் அல்லர் என்பதை மறந்துவிடக் கூடாது.

உடம்புக்குள் ஒரு கடிகாரம்

நமது உடம்பின் கலங்களுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பழ ஈக்களைக் கொண்டு கண்டறிந்ததற்காக ஜெப்ரி ஹோல், மைக்கல் ரொஸ்பாஷ், மைக்கல் யங் ஆகிய மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. வெளிச்சத்தைப் போலவே சாப்பாட்டு நேரமும் இக்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறது. சுகதேகியான ஒருவர் ஒரே அளவு உணவைக் காலையிலும் இரவிலும் சாப்பிட்டால், இரவில்தான் இரத்தத்தில் சீனி கூடுதலாக ஏறுகிறது. காலையில் இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது. நாமோ காலையை வெறும் வயிற்றோடு அனுப்பிவிட்டு, இரவு பத்து மணிக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுப் படுக்கிறோம்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். “காலைச் சாப்பாடு சாப்பிட்டால் உடம்பு மெலியும், விட்டால் கொழுக்கும்” என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதற்குப் போதிய ஆதாரம் இல்லை. இதைப்பற்றிய பல பரிசோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2019இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையொன்றில் வெளியான ஆய்வு, காலைச் சாப்பாட்டினால் எடை குறைவதாகக் காணவில்லை. ஆகவே மெலிவதற்காக நேரத்தோடு சாப்பிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. நோயற்ற ஒருவர் ஒன்பது மணிக்குச் சாப்பிட்டால் பெரிய கேடு வந்துவிடும் என்றும் பயமுறுத்தவில்லை. நமது கவலை வேறு.

தேநீர் சாப்பாடாகாது

பத்தரை மணி வரை உம்மா பட்டினியாக இருக்கிறாளா? இல்லை. எழும்பியதும் ஒரு பிளேன்டீ. பிள்ளைகள் போனதும் பால் தேநீர். ஒன்பது மணிக்கு இன்னொன்று, இரண்டு பிஸ்கட்டோடு. பசியை அடக்குவது இந்தச் சீனிதான். கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் மூன்று கோப்பைக்கு ஆறு. தேக்கரண்டிக்கு 4 கிராம் என்று பார்த்தாலும் 24 கிராம். சேர்க்கும் சீனியை நாளொன்றுக்கு 25 கிராம் அளவுக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2015இல் ஆலோசனை கூறியது. நாள் முழுவதற்கும் உரிய அளவை, ஒரு பிடி உணவு இறங்க முன்னரே நீங்கள் குடித்து முடித்துவிடுகிறீர்கள்!

தேயிலையில் இன்னொரு சங்கதி உண்டு. அதிலுள்ள சாயச்சத்து, கீரை, பருப்பு, கடலை போன்றவற்றில் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது. இரத்தச் சோகை நம் பெண்களிடையே புதிதல்ல. சாப்பாட்டோடு தேநீர் குடிப்பதை விட்டு, ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தால் அதுவே ஒரு வைத்தியம். சாப்பாட்டோடு ஒரு துண்டு தேசிக்காயைப் பிழிந்துகொண்டால் இரும்புச்சத்து இன்னும் நன்றாகச் சேரும்.

குளிசை போடும் சகோதரிகளுக்கு

இனி வருவதைத் தயவுசெய்து இரண்டு முறை வாசியுங்கள்.

2005 - 2006 காலப்பகுதியில் நம் நாட்டில் நடந்த ஒரு கணக்கெடுப்பிலேயே வளர்ந்தவர்களில் பத்தில் ஒருவருக்குச் சீனி வருத்தம் இருப்பது தெரியவந்தது. இன்று நீரிழிவுக் குளிசை இல்லாத வீட்டைத் தேட வேண்டியிருக்கிறது.

கிளிக்லசைட், கிளிபென்கிளமைட், கிளிமெப்பிரைட், டொல்பியூட்டமைட் போன்ற குளிசைகள் உடம்பிலிருந்து இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. சாப்பாட்டை நம்பியே இவை தரப்படுகின்றன. ஏழு மணிக்குக் குளிசையைப் போட்டுவிட்டு, “இதோ, இந்த உடுப்பையும் கழுவிவிட்டு வருவோம்” என்று பத்து மணி வரை இருந்தால் குளிசை காத்திருக்காது. இரத்தத்தில் சீனி இறங்கிவிடும். கலவை இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். அந்த ஊசி போட்டு ஏறக்குறைய அரை மணித்தியாலத்தில் சாப்பாடு வயிற்றுக்குள் போக வேண்டும். மெட்போமின் மட்டும் எடுப்பவர்களுக்குச் சீனி இவ்வாறு இறங்குவது அரிது. எனினும் அதையும் சாப்பாட்டோடு எடுத்தால்தான் வயிற்றுக் குழப்பம் குறையும்.

கை நடுக்கம், குளிர் வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, திடீர்ப் பசி, கண் மங்கல், காரணமில்லாத எரிச்சல், பேச்சில் தடுமாற்றம் ஆகியவை சீனி இறங்குவதன் அடையாளங்கள். இரத்தச் சீனி 70க்குக் கீழே போனால் உடனே கவனிக்க வேண்டும். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பதினைந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். குறையாவிட்டால் மீண்டும் ஒரு முறை. தேறியதும் உணவு சாப்பிடுங்கள். மயங்கிய ஒருவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அடுப்படியில் தனியாக நிற்கும் ஒரு பெண் மயங்கி விழுந்தால் பார்ப்பதற்கு அந்நேரம் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒருகணம் நினைத்துப் பாருங்கள்.

“சாப்பிடாவிட்டால் சீனி கூடாதுதானே” என்று எண்ணிக் காலைச் சாப்பாட்டை விடும் சகோதரிகளும் உண்டு. 2015இல் வெளியான ஓர் ஆய்வில் நீரிழிவுள்ள 22 பேரை ஒரு நாள் காலைச் சாப்பாட்டோடும், இன்னொரு நாள் அது இல்லாமலும் வைத்துப் பார்த்தார்கள். பகலுக்கும் இரவுக்கும் இரண்டு நாளும் ஒரே சாப்பாடுதான். காலையில் சாப்பிடாத நாளில் பகலுக்குப் பின்னரும் இரவுக்குப் பின்னரும் சீனி கூடுதலாக ஏறியிருந்தது. எண்ணிக்கை சிறியதுதான், ஆனாலும் சாப்பாட்டை விடுவது சீனிக்கு மருந்தல்ல என்பதை அது காட்டுகிறது.

கிளினிக் நாளில் வெறும் வயிற்றோடு இரத்தம் பரிசோதிக்கச் சொல்வார்கள். அன்று காலைக் குளிசையையும் ஊசியையும் என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். இரத்தம் எடுக்க முன்னர் அவற்றை எடுக்க வேண்டாம் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். வீட்டிலிருந்தே ஒரு பார்சல் கட்டிக்கொண்டு போங்கள். இரத்தம் எடுத்தவுடன் அங்கேயே ஓர் ஓரமாக இருந்து சாப்பிடுங்கள். நம்பர் வரும்வரை பட்டினி இருக்க வேண்டும் என்று எந்த வைத்தியரும் சொல்லவில்லை.

வேறு குளிசைகளுக்கும் நேரம் உண்டு. தைரொயிட் குளிசையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே சாப்பிட வேண்டும். தேநீரும் அதன் பிறகுதான். கெஸ்ட்ரைட்டிஸ் என்று தரப்படும் ஒமிப்ரசோல், சாப்பாட்டுக்கு ஏறக்குறைய அரை மணி நேரம் முன்னர் எடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். ஆறு மணிக்குப் போட்டுவிட்டுப் பதினொரு மணிக்குச் சாப்பிட்டால் அதன் பயன் குறைந்துவிடும்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும்

கர்ப்பிணிகளின் உடம்பில் சேமிப்பு மற்றவர்களைவிட விரைவாகத் தீர்ந்துவிடும். காலைக் குமட்டலுக்குப் பயந்து சாப்பிடாமல் இருந்தால் குமட்டல் கூடுமேயன்றிக் குறையாது. எழும்பியதும் காய்ந்த ரொட்டியோ பிஸ்கட்டோ சிறிது கடித்துவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவது நல்லது. கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையையும் கல்சியம் குளிசையையும் ஒன்றாக விழுங்காதீர்கள். வெவ்வேறு வேளைகளில் எடுங்கள். இரும்புக் குளிசையைத் தேநீரோடு எடுக்கவே வேண்டாம்.

இரவில் இரண்டு மூன்று முறை எழும்பிப் பால் கொடுத்த தாய்க்கு விடியும்போது பசிப்பது இயற்கை. அவள் பீங்கானைத் தேடினால், “இவளுக்கு விடியவே பசி” என்று வீட்டில் யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது. மாமிமார் இதை மனதில் வைக்க வேண்டும்.

பிள்ளைகளின் நேரம்

பாடசாலை ஏழரைக்குத் தொடங்குகிறது. தூரத்துப் பிள்ளைக்கு வேன் ஆறேகாலுக்கே வந்துவிடும். அரைத்தூக்கத்தில் இருக்கும் பிள்ளையின் வாயில் பாணைத் திணித்து, அது அழுதுகொண்டே வேனில் ஏறுவது பல வீடுகளில் தினமும் நடக்கிறது. அப்படியான பிள்ளைக்குச் சாப்பாட்டை இரண்டாகப் பிரியுங்கள். புறப்பட முன்னர் ஒரு வாழைப்பழமும் அரைக் கோப்பைப் பாலும். மீதியை, முட்டையோ கடலையோ பருப்போ சேர்த்து, டப்பாவில் கட்டிக் கொடுங்கள். இடைவேளை வரை அந்தச் சிறு வயிறு தாங்கும்.

ஜமேக்கா நாட்டின் கிராமப் பாடசாலைகளில் ஓர் ஆண்டு முழுவதும் காலைச் சாப்பாடு கொடுத்துப் பார்த்த ஆய்வொன்று 1998இல் வெளியானது. சாப்பாடு கிடைத்த பிள்ளைகளின் வரவு கூடியது; சிறிய வகுப்புப் பிள்ளைகள் கணக்கிலும் சற்று முன்னேறினார்கள். டியூஷனுக்குக் காசு கட்ட முன்னர் இதையும் யோசிக்கலாம்.

குமரிப் பிள்ளைகள் மெலிய வேண்டும் என்று காலையில் வெறும் தேநீரோடு போவதையும் கவனியுங்கள். அவர்கள் உங்கள் பேச்சைக் கேட்டுப் படிப்பதைவிட உங்களைப் பார்த்தே படிக்கிறார்கள். உம்மா சாப்பிடாத வீட்டில் மகளும் சாப்பிடமாட்டாள்.

“பசிக்கவில்லையே!”

“ஏழு மணிக்கு எனக்குப் பசிப்பதே இல்லை” என்று பலரும் சொல்வார்கள். உண்மைதான். இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டவருக்கும், எழும்பியதும் சீனி போட்ட தேநீர் குடித்தவருக்கும் பசிக்காது. காலையைத் திருத்த வேண்டுமானால் இரவிலிருந்து தொடங்க வேண்டும். இஷாவுக்குப் பிறகு தாமதியாமல், எட்டு மணியளவில் இரவுச் சாப்பாட்டை முடித்துப் பாருங்கள். கடை பூட்டி வரும் கணவருக்காகக் காத்திருப்பவர்கள் ஒரு சிறு பங்கை முன்னரே சாப்பிட்டுவிட்டு, அவர் வந்ததும் பக்கத்தில் அமர்ந்து பரிமாறலாம். அன்பு குறைந்துவிடாது. இரண்டு கிழமைக்குள் காலைப் பசி தானாக வரும்.

றமழானில் முடிகிறதே!

“எல்லோருக்கும் கொடுத்துவிட்டுத்தானே நாம் சாப்பிட வேண்டும்” என்று கேட்பீர்கள். பதினொரு மாதமும் இதைச் சொல்லும் நாம் றமழானில் என்ன செய்கிறோம்? ஸஹர் நேரத்தில் உம்மா கடைசியில் சாப்பிடுவதில்லை. சாப்பிடவும் முடியாது. ஸுபஹு பாங்கு எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் சொல்லப்படும். ஆகவே வேலையை அப்படியே வைத்துவிட்டு அவளும் எல்லோரோடும் உட்காருகிறாள். “உம்மா, நேரமாகிறது, நீங்களும் சாப்பிடுங்க” என்று பிள்ளைகளே கூப்பிடுகிறார்கள். வீடு நின்றுபோகவில்லை. பாத்திரமும் பிறகு கழுவப்படுகிறது. ஸஹர் உணவில் பரக்கத் இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் ஆண்களுக்கு மட்டும் சொல்லவில்லை. பெண்களுக்கும் சேர்த்தே சொன்னார்கள்.

நம் கலியாண வீட்டுச் சஹனையும் எடுத்துக்கொள்ளுங்கள். சஹனைச் சுற்றி ஆட்கள் நிறைந்த பின்னர்தான் கை வைக்கிறோம். ஓர் ஆளுக்கு மிச்சத்தைக் கொடுப்போம் என்று யாரும் நினைப்பதில்லை. அந்த ஒழுங்கு நம் அடுப்படிக்கு மட்டும் ஏன் வரவில்லை?

அப்படியானால் எத்தனை மணிக்கு?

எழும்பி இரண்டு மணித்தியாலத்துக்குள் சாப்பிட்டுவிடுவது ஒரு நல்ல கணக்கு. ஐந்து மணிக்கு எழும்பும் உம்மாவுக்கு ஏழு மணி. அந்த நேரம் தினமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். குளிசை, ஊசி எடுப்பவர்களுக்கு வைத்தியர் சொன்னதே நேரம். அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. ஸுன்னத்தான நோன்பு பிடிக்க விரும்பும் நீரிழிவுக்காரர்கள் முதலில் வைத்தியரிடம் கேட்டுக் குளிசையின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இதற்குப் புதிதாகச் சமைக்கத் தேவையில்லை. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் எத்தனையோ வீடுகளில் ஒரு வேளைச் சாப்பாடு குறைந்தது. முதலில் குறைந்தது பெரும்பாலும் உம்மாவின் பங்குதான் என்பது நமக்குத் தெரியும். இருப்பதையே பிரித்து வைப்போம். இடியப்பத்தைப் பரிமாறும்போதே உங்கள் பீங்கானையும் எடுத்து, உங்கள் பங்கை முதலில் போட்டு மூடி வையுங்கள். இரவே ஊறவைத்த கடலையோ பயறோ ஒரு கைப்பிடி அவித்துச் சேருங்கள். பிட்டும் பாணும் மட்டும் என்றால் பசி விரைவில் திரும்பும். முட்டை, பருப்பு, நெத்தலி ஏதேனும் ஒன்று கூட இருந்தால் பகல் வரை தாங்கும். வேன் போனதும் அடுத்த வேலையைத் தொட முன்னர் உட்கார்ந்து சாப்பிடுங்கள். நின்றுகொண்டு கொறிப்பது சாப்பாடல்ல. பதினைந்து நிமிடம் போதும்.

பெரிய பிள்ளைகளையும் பழக்குங்கள். வீட்டை விட்டு இறங்கும் மகன் ஸலாம் சொல்லும்போது, “உம்மா, நீங்க சாப்பிட்டீங்களா?” என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். நாளை அவன் தன் மனைவியிடமும் அதைக் கேட்பான், இன்ஷா அல்லாஹ்.

இன்றிரவு படுக்க முன்னர் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் கிளினிக் கொப்பியை எடுத்து, எந்தக் குளிசை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று பாருங்கள். ஒரு துண்டில் உங்கள் காலைச் சாப்பாட்டு நேரத்தை எழுதி, பிள்ளைகளின் பாடசாலை நேரசூசிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். கிளினிக் கொப்பி இல்லாதவர்களும் அந்தத் துண்டை மட்டும் எழுதி ஒட்டுங்கள்.